பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பாய்

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரையும் தோட்டத்தையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலை, நோர்வூட் பக்கம் லயத்தில் வீடு, வீட்டில் ஐந்து பேர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பதிலைத் தபாலில் போடாமல் இங்கே எழுதக் காரணம், இதே கேள்வியை வெவ்வேறு மாதிரியாக இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் பெண்கள். ஆண்கள் ஏன் கேட்பதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

“யோகாவுக்கும் தியானத்துக்கும் வீட்டில் ஒரு இடத்தை எப்படித் தயார் செய்வது என்று போனில் பார்த்தேன். வெள்ளைச் சுவர், பலகைத் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல், மூலையில் பூச்சாடி. எங்கள் காம்பராவில் அந்தப் பூச்சாடிக்கே இடமில்லை. நான் எங்கே பாய் விரிப்பது?” என்று எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்கு வெள்ளைக்காரன் அளந்து விட்டது பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி. யோகா பாய் ஆறடி நீளம், இரண்டடி அகலம். அப்படியென்றால் 12 சதுர அடி, காம்பராவில் பத்தில் ஒரு பங்கு. கட்டில், அலுமாரி, டீவி மேசை, அரிசி வாளி எல்லாம் போனாலும் அந்த 12 சதுர அடி எங்காவது மிஞ்சத்தான் செய்யும். விடியற்காலையில் பார்த்தால் அதில் உங்கள் தம்பி படுத்திருப்பான். இரவில் பார்த்தால் அங்கேதான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தரை இருக்கிறது, அது காலியாகக் கிடக்கிற நேரம்தான் இல்லை. இந்தக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப நேரத்தைப் பற்றிப் பேசினால் அதனால்தான்.

இடத்தைப் பற்றி ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். ஹடயோகத்துக்கு ஆதாரமான நூல்களில் ஒன்று ‘ஹடயோகப் பிரதீபிகை’, பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் சமஸ்கிருதத்தில் எழுதியது. யோகி எங்கே இருந்து பயில வேண்டும் என்பதை அவர் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆளரவமில்லாத இடத்தில் சின்னக் குடில். வாசல் சின்னது. சுவரில் ஓட்டையும் தரையில் பள்ளமும் கூடாது. ரொம்ப உயரமும் வேண்டாம், ரொம்பத் தாழ்வும் வேண்டாம். தரை சாணம் மெழுகிச் சுத்தமாக, பூச்சி புழு அண்டாமல் இருக்க வேண்டும். ஒரு வில்லின் நீளத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட ஆறடிக்கு, கல்லோ நெருப்போ தண்ணீரோ இருக்கக்கூடாது. வெளியே ஒரு மண்டபம், மேடை, கிணறு, சுற்றுமதில்.

கண்ணாடி ஜன்னல் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? இதை வாசிக்கும்போது எனக்குப் பாட்டிமார் காலத்துக் காம்பராதான் நினைவுக்கு வரும். ஒற்றைக் கதவு, இருந்தும் இல்லாத ஜன்னல், சாணம் மெழுகிய தரை, முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, கொஞ்சம் கீழே இறங்கினால் தண்ணீர்ப் பீலி. ஆறடிக்குள் நெருப்பு கூடாது என்ற இடத்தில்தான் லயம் தோற்றுவிடும். அடுப்பும் படுக்கையும் ஒரே கூரைக்குள். ஆளரவமில்லாத இடம் என்பதையோ பேசவே வேண்டாம்.

ஆனால் அதே சுலோகம் குடிலில் தொடங்கவில்லை, நாட்டில் தொடங்குகிறது. நல்ல ஆட்சி நடக்கிற, அறம் இருக்கிற, பஞ்சமில்லாத, தொல்லையில்லாத நாடாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. குடில் அதற்குப் பிறகுதான். யோகா வகுப்புகளில் குடிலைப் பற்றிச் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. சுவாத்மாராமரின் முதல் நிபந்தனையில் நாம் அரை நூற்றாண்டுக்கு மேல் தவறியிருக்கிறோம், அதுவும் நம் குற்றத்தால் அல்ல.

ஆகவே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். சின்ன இடம் போதும் என்று யோகி சொல்வது ஒரு பேச்சு. அதையே கம்பெனியோ அரசாங்கமோ சொன்னால் அது வேறு பேச்சு. யோகி தனியாள், அந்தக் குடிலை அவரே தேர்ந்தெடுத்தார், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். நம்மவர்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவோம் என்று எழுதிய துண்டு வேண்டியிருந்தது. அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல். இன்றைக்கும் பல லயங்களில் இருக்கிற காம்பராவுக்கு ஓர் உறுதிப்பத்திரம் கிடையாது. நீங்கள் 12 சதுர அடியில் பாய் விரித்து நிம்மதியாக உட்காருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிம்மதியைக் காட்டி, பார்த்தீர்களா இவர்களுக்கு இதுவே போதும் என்று யாராவது பேச வந்தால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் அம்மா. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அவர் சிரித்ததுதான். “காலையில இருந்து மலையில ஏறி எறங்கி, குனிஞ்சு நிமிந்துட்டுத்தான வாறோம், இதுக்கு மேல என்னடி யோகா?” பாதிக்கு மேல் நியாயமான கேள்வி. உடம்பை வருத்தாமல் நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட அட்டவணையைக் கொழுந்து பறிக்கிறவரிடம் நீட்டினால் சிரிப்புத்தான் வரும். அம்மாவின் உடம்புக்கு அசைவு போதாமல் இல்லை. ஒரே அசைவு, ஒரே பக்கம், வருஷக்கணக்காக. கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில், கழுத்து முன்னால். இரண்டு கையும் மார்புக்கு முன்னால் மட்டும் ஓடும், தலைக்கு மேலே போவதே அபூர்வம். சரிவில் நிற்பதால் ஒரு கால் எப்போதும் மடங்கியிருக்கும்.

அவருக்கு வேண்டியது இதற்கு எதிர்ப்பக்கம். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன், தரையில் மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியைக் கட்டில் விளிம்பிலோ கதிரையிலோ வைத்துக்கொள்ளட்டும். தலைக்குக் கீழே நாலாய் மடித்த துவாய். கண்ணை மூடிப் பத்து நிமிஷம். தூங்கிவிட்டால் தூங்கட்டும். பிறகு எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இரண்டு கையையும் மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்கட்டும், மூச்சோடு சேர்த்து. அவ்வளவுதான். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் என்று கழுத்தில் பாரம் இறங்குகிற எதையும் அவருக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். அந்தக் கழுத்து தன் பங்குக்கு மேல் சுமந்துவிட்டது. பிரஷர் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பிராணாயாமமும் வேண்டாம். சாதாரணமாக மூச்சு விட்டால் போதும்.

அந்தப் பத்து நிமிஷம் யார் தேத்தண்ணி ஊற்றுவது? லயத்தில் யோகாவுக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தம்பிக்குப் பதினாறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். கேத்தல் வைக்கத் தெரியாத வயது இல்லை. அப்பாவுக்கும் கை இருக்கிறது. ஆண்கள் எனக்கு இப்படிக் கடிதம் எழுதாததற்குக் காரணம் அவர்களுக்கு யோகாவில் ஆர்வமில்லை என்பதல்ல. அவர்களுக்கு லயத்துக்கு வெளியே இடம் இருக்கிறது. கடைவாசல், வாசிகசாலைத் திண்ணை, கோயில் முன்னால், பந்தடிக்கிற கிரவுண்ட். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் அங்கே நின்றால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. அம்மா ஒரு மணி நேரம் இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்துக் காம்பராவிலிருந்து, சுகமில்லையா என்று விசாரிக்க வந்துவிடுவார்கள்.

உங்கள் நேரத்துக்கு வருகிறேன். நாலரைக்கு வீடு எழும்புகிறது. ரொட்டி, மத்தியானச் சாப்பாடு, தண்ணீர். அம்மா வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுகிறார். ஏழரை பஸ்ஸுக்கு நீங்கள் இறங்க வேண்டும். அம்மா போனதற்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தம்பி மட்டும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் உங்களுக்கு இருபது நிமிஷம் தேறும். விடியலுக்கு முன்னால், பிரம்ம முகூர்த்தத்தில்தான் தியானம் செய்ய வேண்டும் என்று போனில் யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக மூன்றரைக்கு எழும்பாதீர்கள். தூக்கத்தைத் திருடிச் செய்கிற தியானம் கொஞ்ச நாளில் தானே நின்றுவிடும்.

மூலையைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு மூன்று யோசனை இருந்தது: இஸ்தோப்பு, சாமித் தட்டுக்கு முன்னால், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து.

இஸ்தோப்பில் வெளிச்சம் நல்லது, காற்றும் நல்லது. ஆனால் லயத்து இஸ்தோப்பு பெருந்தெரு மாதிரி, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். நீங்கள் புஜங்காசனத்தில் கிடக்கும்போது “என்ன புள்ள, வயித்து வலியா?” என்று ஒரு ஆத்தா கேட்டால் அன்றைய யோகா முடிந்தது. கயிறு கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சேலை போதும். ஆனால் மே மாதம் மழை பிடித்துவிட்டால் சாரல் உள்ளே வரைக்கும் அடிக்கும், சேலை நனைந்து முகத்தில் ஒட்டும்.

சாமித் தட்டுக்கு முன்னால் என்பதில் ஒரு வசதி உண்டு. விளக்கேற்றிவிட்டுப் பெண்பிள்ளை கண்ணை மூடி உட்கார்ந்தால் வீட்டில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். தியானத்துக்கு மட்டும் என்றால் அந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனத்துக்குச் சரிவராது. காலை எந்தப் பக்கம் நீட்டினாலும் ஏதாவது ஒரு படத்துக்கு நேரே போகும், பாட்டி பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, மாதத்தில் நாலு நாள் அந்தப் பக்கம் வராதே என்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் உடம்புக்கு ஓய்வும் மெல்லிய அசைவும் மிகவும் தேவைப்படுகிற அந்த நாட்களில்தான் இந்தச் சண்டை வரும். ஆகவே பாய் விரிக்கிற இடம் சாமித் தட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

மிச்சமிருப்பது அலுமாரிச் சந்து. அங்கே நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். இடிக்கும் என்றால் திரிகோணாசனம், வீரபத்ராசனம் இரண்டையும் மறந்துவிடுங்கள். பாயின் நீளத்துக்குள்ளேயே அடங்குகிற ஆசனங்கள் நிறைய இருக்கின்றன: தாடாசனம், பச்சிமோத்தானாசனம், புஜங்காசனம், சலபாசனம், பவனமுக்தாசனம், சவாசனம். சூரிய நமஸ்காரம்கூட நீளவாக்கில்தான் நடக்கிறது, முன்னால் ஒரு அடி இடம் இருந்தால் போதும். அகலம் இல்லாத குறையை உங்கள் உடம்பு கண்டுகொள்ளாது.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலைநாட்டில் யோகாவைக் கெடுப்பது பெரும்பாலும் தரைதான். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, நுவரெலியா ஆறாயிரத்துக்கும் மேலே. ஜனவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிறது. விடிகாலைச் சிமெந்துத் தரையில் மெல்லிய றப்பர் பாயை மட்டும் போட்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் குளிர் இடுப்புக்கு ஏறிவிடும். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் ஆசனத்தை எப்படிப் போடுவது என்று இருக்கிறது: தர்ப்பை, மான்தோல், துணி என்று ஒன்றோடொன்று அடுக்கி, அதிக உயரமும் தாழ்வும் இல்லாமல். ஈரம் ஏறாமல், சூடு இறங்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. நம் வீட்டில் மான்தோல் கிடையாது, இருக்கவும் கூடாது. அடியில், நன்றாகக் கழுவிக் காயவைத்த ஒரு உரப்பை. அது ஈரத்தை மேலே ஏறவிடாது. பூச்சிமருந்து வந்த பை வேண்டவே வேண்டாம். அதன்மேல் ஒரு பன்பாய். அதற்கும் மேலே கம்பளி.

கம்பளியைச் சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கம்பளியைக் கொடுத்துவிட்டு, அதன் விலையைக் கடனில் எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். மழையிலும் பனியிலும் அதைத்தான் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள். காசு கொடுத்துக் கழித்த பொருள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் உதறி வெயிலில் போட்டு எடுங்கள். உட்காருவதற்கு அதைவிட நல்லது எந்தக் கடையிலும் கிடைக்காது. நாலாய் மடித்து இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்தால் முழங்கால் இறங்கும், முதுகு தானாக நிமிரும். ஒரு எச்சரிக்கை: இந்த அடுக்கு உட்காரவும் படுக்கவும்தான். நின்று செய்கிற ஆசனத்துக்கு உரப்பை சிமெந்தில் வழுக்கும். நிற்கும்போது வெறுங்காலோடு தரையிலேயே நில்லுங்கள், அல்லது றப்பர் பாயை மட்டும் போடுங்கள். எழுந்தவுடனே குளிர்ந்த உடம்பை இழுக்கவும் வேண்டாம். பீலிக்குப் போய்க் குடம் தூக்கி வந்த பிறகு செய்தால் அதுவே போதுமான சூடு.

முடிந்ததும் அடுக்கைப் பிரித்துத் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். சேர்த்துச் சுருட்டி மூலையில் வைத்தால் ஜூன் மாதத்தில் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். நாட்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற இடங்களில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஒன்று, உங்களுக்கும் அது தூரமில்லை. சர்வதேச யோகா தினம் என்று 2015இலிருந்து ஜூன் 21ஐ உலகம் கொண்டாடுகிறது. டெல்லியில் அதைத் திறந்த மைதானத்தில் செய்யலாம். நமக்கு அது அடைமழைக் காலம். பழைய துரை பங்களாக்களில் சில இப்போது விடுதியாகிவிட்டன, அவற்றின் புல்தரையில் வெளிநாட்டுக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற படங்களையும் பார்த்திருப்பீர்கள். படத்தில் அட்டை தெரியாது.

புகையைப் பற்றி இரண்டு வார்த்தை. கவ்வாத்துக் கட்டை எரிகிற அடுப்புக்கு ஆறடியில் உட்கார்ந்து ஆழமாக மூச்சை இழுப்பது, புகையை ஆழமாக இழுப்பது. பிராணாயாமத்தை அடுப்பு மூட்டுவதற்கு முன் வையுங்கள், அல்லது அணைந்து காற்று மாறிய பிறகு. நுவரெலியா, இராகலைப் பக்கம் குளிருக்காக இரும்புச் சட்டியில் தணல் அள்ளிக் காம்பராவுக்குள் வைக்கும் பழக்கம் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுத் தணலுக்குப் பக்கத்தில் தியானத்தில் உட்காரக் கூடாது, தூங்கவும் கூடாது. காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை லேசாகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆள் மயங்கிவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் உங்கள் இஷ்டம், பாட்டிக்கு இழுப்பு இருந்தால் அதுவும் வேண்டாம்.

எந்தச் சுவரில் சாய்ந்து உட்காருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். லயத்தின் மேட்டுப்பக்கச் சுவர் மழைக்காலத்தில் எப்போதும் ஓதமாக இருக்கும். அதில் புதிதாக வெடிப்புக் கண்டாலோ, பின்னால் உள்ள மண்ணிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்தாலோ அது யோகா பிரச்சினை இல்லை. கிராம சேவகரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் உடனே சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலை எப்படி இறங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தியானத்துக்கு அமைதி இல்லையே என்பது உங்கள் அடுத்த கவலை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போவதில்லை, பக்கத்தில் இருமினால் இங்கே கேட்கிறது, டீவி சீரியல் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. தகரத்தில் மழை விழுந்தால் பேச்சே கேட்காது. அந்த மழையையே பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சைக் கவனிப்பது போல ஒரு சத்தத்தைக் கவனிப்பதும் தியானத்தில் பழைய வழிதான். தகரத்தில் மழை ஒரே மாதிரி விழுவதில்லை, காற்று அடிக்கும்போது ஒரு சத்தம், ஓயும்போது வேறு. அதன்பின்னாலேயே போங்கள், மனசு வேறெங்காவது போனால் திரும்பி வாருங்கள். சீரியல் சத்தத்துக்கு இது உதவாது, ஏனென்றால் அதில் கதை இருக்கிறது. சீரியல் நேரத்தில் தியானம் வேண்டாம், நீங்களும் போய்ப் பாருங்கள்.

ஒரு தடவையாவது சரியான அமைதி எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் தூரம் போக வேண்டியதில்லை. கலஹா போகும் வழியில், தேயிலை மலைக்கு நடுவில் நிலம்பே பௌத்த தியான நிலையம் 1979இலிருந்து இருக்கிறது. கொட்வின் சமரரத்ன 2000இல் இறக்கும்வரை அங்கே கற்பித்தார். பேராதனைக்குப் பக்கத்தில் ஹிந்தகலையில் தம்மகூட விபாசனா நிலையம் இருக்கிறது, பத்து நாள் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. புடவைக்கடையில் பத்து நாள் லீவு தருவார்களா என்பது எனக்குத் தெரிந்த கதைதான். நுவரெலியா டவுனில் லேடி மெக்கலம் வீதியில் காயத்ரி பீடம், றம்பொடையில் சின்மயா மிஷனின் ஆஞ்சநேயர் கோயில் இரண்டும் போயா நாளில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரத் தோதான இடங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம் என்று அப்பா சொன்னாராம். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சச்சிதானந்த சுவாமி, சிவானந்தரின் சீடர், 1953இல் இலங்கைக்கு வந்தார். முதலில் திருகோணமலை, பிறகு கண்டி. இங்கே தமிழிலேயே யோகா கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதர்தான் பின்னால் அமெரிக்காவுக்குப் போய், 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டொக் இசை விழாவைத் தொடக்கிவைத்துப் பேசினார். அவர் கற்றுக்கொடுத்த யோகா கண்டியிலிருந்துதான் நியூயோர்க்குக்குப் போயிருக்கிறது, அங்கேயிருந்து போன் வழியாக உங்கள் காம்பராவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

தனி வீடு வந்தால் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி உங்கள் நோர்வூட்டுக்கே வந்து, கட்டிக்கொண்டிருந்த 4,000 வீடுகளுக்கு மேலே இன்னும் 10,000 என்று அறிவித்துவிட்டுப் போனார். அந்த 10,000க்கு அடிக்கல் நட 2024 பெப்ரவரி ஆனது. ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதைத் தோட்டத் தலைவரிடம் கேட்டுக்கொண்டேயிருங்கள். வந்தால் ஒன்றைத்தான் சொல்வேன்: முன் விராந்தையைப் பலகை அடித்து இன்னொரு அறையாக்க அப்பா அவசரப்படுவார், ஒரு மழைக்காலம் பொறுக்கச் சொல்லுங்கள். சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது, காலை வெயில் எங்கே விழுகிறது என்று தெரிந்த பிறகு அடிக்கட்டும். வெயில் விழுகிற பக்கத்தில் ஆறடிக்கு மூன்றடி உங்களுக்கென்று கேட்டு வாங்கிவிடுங்கள். அது அம்மாவுக்கும் சேர்த்து.

அதுவரை காத்திருக்காமல் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் லயத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆசையிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புள்ளமடுவத்தை, இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு போட்டிருக்கிறார்களே, அதை ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும். தரை சுத்தம், அடுப்பு தனியாக இருக்கும், ஜன்னல் பெரிது, கைகாலை நீட்டினால் எதுவும் இடிக்காது. லயத்தில் எந்தக் காம்பராவுக்கும் இல்லாத அகலம் அங்கே கிழமைக்கு ஒரு முழு நாள் வீணாகக் கிடக்கிறது. திரிகோணாசனத்தை அங்கே செய்யலாம். ஹட்டனிலிருந்து தெரிந்த ஒரு ஆசிரியையை மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, போனில் பார்த்துக் கற்றதில் எது பிழையாக வருகிறது என்று திருத்திக்கொள்ளவும் அங்கேதான் வசதி. சாவி ஆயாவிடம் இருக்கும், அனுமதி துரையிடம் இருக்கும். வாயால் கேட்டால், பார்ப்போம் என்பார். எழுதிக் கொடுங்கள். நாளும் நேரமும் போட்டு, சுத்தம் செய்து பூட்டிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்து, தலைவர் கையால் ஒப்பீசுக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால் முதல் கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும். அவர் பதிவில் உள்ள ஆள், கடையில் வேலை செய்கிற உங்களை விட ஒப்பீசில் அவர் பெயருக்குத்தான் மதிப்பு. சிரித்துக்கொண்டேயாவது போட்டுக் கொடுப்பார்.

அன்புடன்,
உங்கள் அக்கா